கைக்குழந்தையோடு நுவரெலியா சீசனுக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

நுவரெலியா டவுனில் ஒரு பாமசியில் பதினொரு வருடமாகக் கவுன்டரில் நிற்கிறேன். ஏப்ரல் பிறந்தால் போதும், காலை ஒன்பது மணியிலிருந்து ஒரே கேள்விகள்தான். மலர்க்கண்காட்சி, குதிரைப் பந்தயம், ஏரியில் படகு என்று எல்லாவற்றையும் திட்டம் போட்டு வந்திருப்பார்கள். பிள்ளையின் பால் போத்தல் மட்டும் வீட்டு மேசையிலேயே நிற்கும். இரண்டு பிள்ளைகளை இந்தக் குளிரில் வளர்த்தவள் என்பதாலும், கேட்டவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டதாலும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"அக்கா, நுவரெலியாவுல பம்பஸ் கிடைக்குமா, இல்ல வீட்டுலருந்தே கட்டிக்கிட்டு வரணுமா?"

பம்பஸ் என்று நாங்கள் சொல்வது பிள்ளைக்குக் கட்டுகிற டயபரை. கிடைக்கும். இங்கேயும் பிள்ளைகள் பிறக்கிறார்கள்தானே! டவுனில் பாமசி, கார்கில்ஸ் ஃபூட் சிட்டி, சாதாரணப் பலசரக்குக் கடை என்று எல்லா இடத்திலும் இருக்கும். சின்னக் கடைகளில் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றிரண்டாகவும் தருவார்கள். அவசரத்துக்கு அது நல்லது, ஆனால் ஒன்றின் விலை பாக்கெட் கணக்கைவிடக் கூடத்தான் வரும்.

ஆனால் டவுனைத் தாண்டினால் கதை வேறு. விக்டோரியா பூங்கா டவுன் நடுவிலேயே இருப்பதால் கவலையில்லை, ரோட்டைக் கடந்தால் கடைதான். கிரகரி ஏரிக்கரையில் சோளமும் வடையும் பலூனும் கிடைக்கும், பம்பஸ் கிடைக்காது. ஹக்கல பூந்தோட்டம் பத்து கிலோமீட்டர். சீசன் நெரிசலில் அங்கிருந்து டவுனுக்குத் திரும்பி வருவதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்துவிடும். அதனால் வெளியே கிளம்பும்போது அன்றைக்கு வழக்கமாகத் தேவைப்படுவதைவிட மூன்று கூட வையுங்கள். குளிரில் பிள்ளை வியர்க்காது, எல்லாம் சிறுநீராகத்தான் போகும். கொழும்பில் ஐந்து போதுமான பிள்ளைக்கு இங்கே ஏழு எட்டு ஆகும்.

"பாப்பாவுக்கு ஏழு மாசம். ஏழு மாச சைஸ் ஒன்னு குடுங்க."

மாதத்தைப் பார்த்து சைஸ் இல்லை, எடையைப் பார்த்துத்தான். பாக்கெட் மேலேயே கிலோ போட்டிருக்கும். ஏழு மாதத்தில் ஆறரை கிலோ பிள்ளையும் உண்டு, ஒன்பதரை கிலோ பிள்ளையும் உண்டு. எடை ஞாபகம் இல்லையென்றால் கிளினிக் கொப்பியைப் பாருங்கள், மிட்வைஃப் கடைசியாக நிறுத்த எடை அதில் இருக்கும். இரண்டு சைஸுக்கு நடுவில் நிற்கிற பிள்ளைக்குப் பெரியதையே எடுங்கள். தொடையில் சிவந்த கோடு விழுந்தால் அது சின்ன சைஸ்.

"மிஸ், பால்மாவும் அங்கேயே வாங்கலாம்தானே?"

இது மட்டும் வேண்டாம். பம்பஸ் எந்தப் பிராண்டாக இருந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது, பால் மாறினால் தெரியும். உங்கள் பிள்ளை குடிக்கிற அதே பால்மாவை, தங்கும் நாட்களைவிட இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கொண்டு வாருங்கள். பெரிய ஊரில் கிடைக்கிற எல்லா வகையும் மலைநாட்டுக் கடைகளுக்கு ஏறி வருவதில்லை. ஒரே பெயரில் ஆறு மாதத்துக்கு முன், ஆறு மாதத்துக்குப் பின் என்று தனித்தனி இலக்கம் வேறு இருக்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மா பாக்கெட் ஒன்றுக்காக இந்த டவுனில் வரிசையில் நின்றதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டில் எப்போதும் ஒரு பாக்கெட் மிச்சம் இருக்கும்.

போன சீசனில் ஓர் அப்பா வெறும் டின்னின் படத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி வந்தார். எங்களிடம் இல்லை. பக்கத்துக் கடையிலும் இல்லை. கடைசியில் வீட்டிலிருந்த தம்பி டின்னை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பி, மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தது. ஒரு ராத்திரி முழுக்க அவர்கள் பட்ட பாட்டைக் கேட்க வேண்டுமே!

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வியே இல்லை. ஆறு மாதம் வரை வேறொன்றும், தண்ணீர்கூட, தேவையில்லை. மலைக்கு வந்ததற்காக 'ஒரு டின் இருக்கட்டுமே' என்று வாங்காதீர்கள். இன்னொன்று, பெரியவர்கள் தேத்தண்ணிக்குப் போடுகிற சாதாரணப் பால்மா ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகாது. பாக்கெட் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும், பார்த்து எடுங்கள்.

"தங்கச்சி, பிள்ளைக்குப் பால் கரைக்கச் சுடுதண்ணி எங்கை எடுக்கலாம்?"

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டது. என்னைக் கேட்டால் இதுதான் கேள்வி. பம்பஸுக்கு அலைகிறவர்களைவிடச் சுடுதண்ணிக்கு அலைகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் ஒரு நல்ல ஃபிளாஸ்க் வாங்குங்கள். அரை லீட்டர் போதும். காலையில் ரூமில் கேத்தலில் தண்ணியைத் தளதளவென்று கொதிக்கவைத்து, ஃபிளாஸ்க்கின் கழுத்து வரை நிறைத்து மூடுங்கள். பாதி நிறைத்த ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். பாத்ரூம் ஹீட்டர் குழாயிலிருந்து வருகிற சுடுதண்ணியை மட்டும் எடுக்காதீர்கள். அது சூடானதுதான், கொதித்தது அல்ல. 'கை பொறுக்கல, அவ்வளவு சூடு' என்று சொல்லி அதிலேயே பால் கரைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெளியில் என்றால் தேத்தண்ணிக் கடைதான். யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். ஆனால் 'சுடுதண்ணி குடுங்க' என்று மொட்டையாகக் கேட்டால் கிளாஸ் கழுவ வைத்திருக்கிற வெதுவெதுப்பான தண்ணியை ஊற்றிவிடக்கூடும். 'அண்ணே, பிள்ளைக்குப் பால் கரைக்க, கொதிக்கிற கேத்தல்லருந்து ஊத்துங்க' என்று கேளுங்கள். கேத்தல் மூக்கிலிருந்து ஆவி புசுபுசுவென்று வருகிறதா என்று பார்த்துவிட்டு ஃபிளாஸ்க்கை நீட்டுங்கள். ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டு வந்தால் கடைக்காரருக்கும் சந்தோஷம்.

"இங்க தண்ணி நூறு டிகிரியில கொதிக்காதாமே? கிருமி சாகுமா?"

ஒரு சயன்ஸ் டீச்சர் கேட்டார். அவர் சொன்னது சரிதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம், இங்கே தண்ணி ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எங்கள் வீட்டுப் பருப்பு வேக நேரமாவதற்கும் அதுதான் காரணம். பிள்ளைப் பாலுக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. பால்மாவுக்குள்ளேயே கிருமி இருக்கலாம் என்பதால் குறைந்தது 70 டிகிரி சூடான தண்ணியில் கரைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 94 தாராளம்.

கொதித்த தண்ணியில் கரைத்து, பிறகு போத்தலைக் குளிர்ந்த தண்ணிக் கோப்பையில் நிறுத்தி ஆறவையுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: தண்ணியை முதலில் ஆறவிட்டு, கைச்சூடானதும் பால்மா போடுகிறார்கள். மணிக்கட்டின் உள்பக்கத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து, சுடாமல் இருந்தால் கொடுங்கள். இங்குள்ள காற்றுக்குப் பத்து நிமிடத்தில் ஆறிவிடும், அதனால் பிள்ளை அழத் தொடங்கும் முன்பே கரைத்துவிடுங்கள்.

"மகள், கரைச்ச பால் மிஞ்சிப் போச்சு. இந்தக் குளிருக்குப் பழுதாகாதுதானே?"

ஊர் குளிர்சாதனப் பெட்டி இல்லை, அம்மா. ஏப்ரல் பகலில் இருபது டிகிரி தாண்டும். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் அதற்கும் மேலே. கரைத்து வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பிள்ளை வாய் வைத்துக் குடித்து மிஞ்சியது என்றால் ஒரு மணி நேரத்துக்குமேல் வைக்காமல் ஊற்றிவிடுங்கள். திரும்பச் சூடுகாட்டிக் கொடுக்கிற பழக்கமே வேண்டாம். பால்மாவை அளந்து உலர்ந்த டப்பாவில் தனியாகவும், தண்ணியை ஃபிளாஸ்க்கில் தனியாகவும் கொண்டுபோனால் இந்தத் தொல்லையே வராது.

பிழிந்தெடுத்த தாய்ப்பால் வெளியில் நான்கு மணி நேரம் இருக்கும்.

"பால் குடுக்க மறைவா ஒரு இடம் இருக்கா அக்கா?"

எங்கும் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். பெரிய ஹோட்டல்களில் கேட்டால் ஓர் அறை காட்டுவார்கள். இல்லையென்றால் வேன், அதுவும் இல்லையென்றால் ஒரு சால்வையும் பூங்கா பெஞ்சும். குளிருக்கு எப்படியும் சால்வை போர்த்தித்தான் இருப்பீர்கள், ஒருவரும் கவனிக்கப்போவதில்லை.

என் அம்மா கொழுந்து மலையிலிருந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்துக்கு ஓடிவந்து எனக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப மலையேறியவர். பால் கொடுப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் மலைநாட்டில் குறைவு. எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறது, கேட்கிறவர்களை உட்காரச் சொல்வேன். மற்ற பாமசிகளிலும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

"அம்பேவெலக்குப் போறோம். ஃபிரெஷ் பால் வாங்கிப் பாப்பாவுக்குக் குடுக்கலாமா?"

அம்பேவெல மாட்டுப்பண்ணைப் பாலை நீங்கள் குடியுங்கள், ருசியாக இருக்கும். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குப் பசும்பாலைக் குடிக்கிற பாலாகக் கொடுக்கக்கூடாது. அதில் இரும்புச்சத்து குறைவு, பிள்ளையின் சிறுநீரகத்துக்கும் பாரம். ஒரு வயதுக்கு மேல் என்றாலும் காய்ச்சாத பால் வேண்டாம்.

வழியில் போத்தலில் தேன் விற்பார்கள். 'நாக்கில ஒரு சொட்டுத் தடவினா சளி பிடிக்காது' என்று பாட்டிமார் சொல்வார்கள். பாட்டிகளோடு நான் வாதாடுவதில்லை, ஆனால் ஒரு வயதுக்கு முன் தேன் ஒரு சொட்டும் கூடாது. பிள்ளையின் குடலில் நஞ்சை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி அதில் இருக்கலாம்.

"குளிருக்கு எத்தனை துணி போடணும்? அங்க வாங்கலாமா?"

துணிக்கு மட்டும் பயமே வேண்டாம், இந்த ஊரின் பேரே ஸ்வெட்டர்தான். பேல் பசார் என்கிற துணிச் சந்தையில் ஒரு வயதுக்குள்ள அளவில் ஜாக்கெட், தொப்பி, காலுக்கு மேஸ் எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். பேரம் பேசலாம். கழுத்தில் நாடா தொங்குகிற தொப்பியைப் பிள்ளைக்கு எடுக்காதீர்கள், பட்டன் இறுகத் தைத்திருக்கிறதா என்றும் இழுத்துப் பாருங்கள். வாங்கியதை உடனே போடாமல் துவைத்துப் போட்டால் நல்லது, ஆனால் இந்தக் குளிரில் எப்போது காய்வது? அதனால் உடம்போடு ஒட்டுகிற பருத்திச் சட்டையை வீட்டிலிருந்து கொண்டு வந்து, வாங்கினதை மேலே போடுங்கள்.

உங்களுக்கு எத்தனை அடுக்கோ அதைவிட ஒன்று கூட. கை ஜில்லென்று இருந்தால் குளிர்கிறது என்று அர்த்தமில்லை, பிள்ளைகளுக்கு எப்போதும் கை அப்படித்தான். பின்கழுத்தில் விரல் வைத்துப் பாருங்கள்: வெதுவெதுப்பு என்றால் சரி, ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். அறைக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம், முகத்துக்குக் கிட்டக் கனமான கம்பளியும் வேண்டாம்.

மத்தியான வெயில் இங்கே குளிர்ந்த காற்றோடு சேர்ந்து ஏமாற்றும், சாயங்காலம் பார்த்தால் கன்னம் சிவந்திருக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் கிரீமைவிட நிழலும் துணித் தொப்பியும்தான் நல்லது.

"ரூம்ல குளிர் தாங்கல. கரி அடுப்பு ஒன்னு வைக்கட்டுமா?"

வேண்டாம். வேண்டவே வேண்டாம். கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி எரித்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். புகை வரவில்லையே, தணல்தானே என்பார்கள், தணலும் அதே ஆபத்துத்தான். தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்த எங்களுக்கு அடுப்பங்கரை ஓரம் குளிர்காய்வது பழக்கம். அங்கே புகைபோக்கியும் ஓட்டுச் சந்தும் இருந்தன. ஹோட்டல் அறை அப்படி இல்லை. மின்சார ஹீட்டர் கேளுங்கள், கூடுதல் கம்பளி கேளுங்கள், அதுவும் போதாதென்றால் பிள்ளைக்கு இன்னொரு சட்டை போடுங்கள்.

"தினமும் குளிப்பாட்டணுமா?"

இரண்டு நாள் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. மதியம் இளஞ்சூட்டுத் துணியால் துடைத்துவிட்டால் போதும்.

"கண்டிப் பக்கமா வரோம். வளைவுல பிள்ளை வாந்தி எடுக்குமா? மாத்திரை இருக்கா?"

கம்பளையிலிருந்து புசல்லாவ, றம்பொடை வழியாக ஏறுகிற ரோட்டில் பெரியவர்களே முகம் வெளுத்து இறங்குவார்கள். ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பயண வாந்தி அரிது. அவர்கள் கக்குவது பெரும்பாலும் வயிறு நிறையக் குடித்ததாலும், கண்ணாடி மூடிய வேனின் புழுக்கத்தாலும்தான். அதனால் மாத்திரை தரமாட்டேன், கேட்காதீர்கள். கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன் பால் கொடுங்கள், வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், றம்பொடையில் இறங்கிக் காற்று வாங்குங்கள். ஏறும்போது காது அடைத்து அழுகிற பிள்ளைக்கும் பால் உறிஞ்சுவதுதான் மருந்து, விழுங்க விழுங்கக் காது திறக்கும்.

ரயிலில் நானுஓயா வரை வருவது பிள்ளைக்குச் சுகம். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடுவதுண்டு, ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு டிக்கட் எடுங்கள். ஸ்டேஷனிலிருந்து டவுனுக்கு இன்னும் எட்டொன்பது கிலோமீட்டர் ரோட்டில் வர வேண்டும்.

"ஏரியில பிள்ளையோட போட் போகலாமா?"

பிள்ளையின் எடைக்குச் சரியான உயிர்காப்பு அங்கி இருந்தால் யோசிக்கலாம். பெரியவர் அங்கியைப் பிள்ளைக்குச் சுற்றிக் கட்டுவது அங்கி போட்டதாக ஆகாது. 1873இல் கிரகரி ஆளுநர் வெட்டிய ஏரி, அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

"ஹோர்ட்டன் சமவெளிக்குக் கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போகலாமா?"

போனவர்கள் இருக்கிறார்கள், எனக்கு மனசில்லை. உலக முடிவு என்கிற செங்குத்து மலை விளிம்பைப் பார்த்துத் திரும்பும் சுற்றுப் பாதை ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், கல்லும் வேரும் சேறுமாக இருக்கும். தள்ளுவண்டி உருளாது. உடம்போடு கட்டித்தான் தூக்க வேண்டும். மூடுபனி இறங்குவதற்கு முன் பார்க்க வேண்டுமென்று விடியற்காலையில் போவார்கள், குளிர் அப்போதுதான் கடுமை. நடைபாதையில் கடையும் இல்லை, தண்ணியும் இல்லை.

போவதென்றால் ஃபிளாஸ்க், பால்மா, முழு நாளுக்கான பம்பஸ் எல்லாம் முதுகில் இருக்கட்டும். வாசலில் பொலித்தீனைப் பிரித்து எடுத்துவிடுவார்கள், ஆகவே பிள்ளைச் சாமான்களைத் துணிப்பையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"பாவிச்ச பம்பஸ எங்க போடுறது?"

சீசன் முடிந்த மறுவாரம் ஏரிக்கரையில் நடந்து பார்த்தால், இந்தக் கேள்வியை முக்கால்வாசிப் பேர் கேட்பதே இல்லை என்று தெரியும். புல்லுக்குள்ளே, தேயிலைச் செடி அடியிலே, சுருட்டி எறிந்தது அப்படியே கிடக்கும். அந்தச் செடியில்தான் மறுநாள் என் சித்தி கொழுந்து பறிக்க வேண்டும். கழிவறைக்குள் போட்டு அடைக்கிறவர்களும் உண்டு. பழைய பத்திரிகைத் தாள் நாலும், மூடி இறுகுகிற ஒரு டப்பாவும் வேனில் வையுங்கள். மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, இறுக்கிச் சுருட்டி, தாளில் சுற்றி டப்பாவில் போட்டு, ரூமுக்கு வந்து குப்பைத் தொட்டியில் சேருங்கள்.

"ராத்திரி பத்து மணி, பிள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குது. எந்தக் கடை திறந்திருக்கும்?"

இந்த ஊர் குளிருக்குப் பயந்து சீக்கிரம் கதவடைக்கும், பத்து மணிக்குப் பாமசி தேடி அலையாதீர்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடையே வேண்டாம், நேரே மாவட்டப் பொது வைத்தியசாலை. எந்த வயதானாலும் பால் குடிக்க மறுப்பது, மூச்சு வாங்குவது, வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், இவற்றில் ஒன்று இருந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

மற்றபடி, வரும்போதே வீட்டில் பாவிக்கிற பெரசிற்றமோல் சிரப், அளக்கிற சிரிஞ்ச், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனி இரண்டு பாக்கெட், கிளினிக் கொப்பி நான்கும் பையில் இருக்கட்டும். சிரப்பின் அளவும் எடையை வைத்துத்தான், பம்பஸ் கேள்வியில் சொன்ன அதே கதை. உங்கள் டொக்டர் சொன்ன அளவைக் கொப்பியின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் பெனடோல் மாத்திரையை உடைத்துக் கரைத்துக் கொடுக்காதீர்கள்.

"புத்தாண்டு அன்னைக்கு வந்தா?"

ஏப்ரல் 13, 14இல் கடைக்காரரும் ஊருக்குப் போய்விடுவார், நானும் போய்விடுவேன். முதல் கேள்வியில் சொன்னதை மறந்துவிட்டு, எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள்.

"எங்க பால்மா முடிஞ்சிருச்சு, அதே வகை எங்கேயும் இல்ல. வேற குடுத்தா ஆகுமா?"

மேலே அவ்வளவு சொல்லியும் இது நடக்கும், தெரியும். பிள்ளை சுகமாக இருந்து, சாதாரணப் பால்மாதான் குடிக்கிறதென்றால், அதே வயதுக்கான இன்னொரு பிராண்ட் இரண்டு நாள் கொடுப்பதில் பெரிய தப்பில்லை. வாயு, மலம் கொஞ்சம் மாறலாம். ஒவ்வாமைக்கோ வேறு நோய்க்கோ டொக்டர் எழுதிக்கொடுத்த விசேஷப் பால்மா என்றால் நீங்களாக மாற்றாதீர்கள். அந்த டொக்டருக்கே ஃபோன் போடுங்கள், கிடைக்கவில்லையென்றால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

மாற்றும்போது எல்லோரும் தவறுகிற இடம் கரண்டி. ஒரு டின்னின் கரண்டி 30 மில்லிலீட்டர் தண்ணிக்கு என்றால் இன்னொன்றுடையது 60க்கு இருக்கலாம். பழைய கரண்டியைப் புது டின்னுக்குள் போட்டு அள்ளினால் பால் ஒன்று தண்ணியாகிவிடும், இல்லை கட்டியாகிவிடும். இரண்டும் பிள்ளைக்குக் கெடுதி. நான் டின் விற்கும்போது மூடியைத் திறந்து, மாவுக்குள் புதைந்திருக்கும் கரண்டியைத் தேடிக் காட்ட முடியாது, சீல் போய்விடும். ரூமுக்குப் போனதும் முதல் வேலையாகப் பழைய கரண்டியைத் தூர வையுங்கள்.